ஏட்டில் ஓர் எழுத்து

பாடம் 9 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்
• மனிதவள நிறுவனத்தின் நிருவாகப் பணியை அறிந்துகொள்ளுதல்.
• ஊதியச் சீட்டைப் படித்துப் பொருள் உணர்தல்.
• அலுவலகத் தமிழ்ச் சொற்களைப் பிழையின்றிக் கையாளுதல்.

நுழையும் முன்

உழைப்பவரின் கையை உலகம் காண்கிறது. அவ்வுழைப்பை நாள்தோறும் ஏட்டில் பதிந்து, உரிய ஊதியத்தை உரிய நாளில் சேர்ப்பிக்கும் கையைப் பெரும்பாலோர் காண்பதில்லை. அக்கையின் கடமையை விளக்குவது இப்பாடம்.

1. யார் வேலையளிப்பவர்?

அரியானாவின் மானேசர், மகாராட்டிரத்தின் சாக்கன், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களில் பெரிய தொழிற்சாலைகள் பல உள்ளன. அவற்றில் ஒரே கூரையின்கீழ், ஒரே நிறச் சீருடையில் பணியாற்றுவோர் எல்லாரும் அத்தொழிற்சாலையின் நேரடி ஊழியர் அல்லர். அவருள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவர். தொழிற்சாலைக்கு வேண்டிய ஆள்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, அவர்களுக்கு ஊதியம் வழங்கி, சட்டப்படியான பதிவுகளைப் பேணுவது மனிதவள நிறுவனத்தின் தொழிலாகும். 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள டீம்லீஸ் இவ்வகை நிறுவனங்களுள் ஒன்றாகும்.

வேலை ஓரிடத்தில், ஊதியம் வேறோரிடத்தில் என்னும் இவ்வமைப்பில் தொழிலாளிக்கு ஓர் இடர் உண்டு. ஊதியம் வராதபோது இரு தரப்பினரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டக்கூடும். இதனைத் தடுக்கவே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் ஒரு நெறியை வகுத்தது. ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால், தொழிலாளியின் உழைப்பைப் பெற்ற முதன்மை வேலையளிப்பவரே அதனைத் தரவேண்டும் என்பதே அந்நெறி.

2. மாதம் என்னும் சக்கரம்

மனிதவள நிறுவனத்தில் நிருவாக அலுவலரின் பணி மாதந்தோறும் ஒரே ஒழுங்கில் சுழல்வது. முதலில், பல தொழிற்சாலைகளிலிருந்து வருகைப்பதிவு வந்து சேரும். சில கணினிக் கோப்புகளாக வரும். சில, கையால் எழுதிய தாளின் ஒளிப்படமாக வரும். யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணிநேரம் மிகைநேரப் பணி செய்தார், யார் விடுப்பில் இருந்தார், யார் பணியை விட்டு விலகினார் என்பனவற்றை அலுவலர் ஒப்புநோக்குவார். ஐயம் தோன்றினால் தொழிற்சாலையின் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். அதன் பின்னரே ஊதியப்பட்டியல் உருவாகும்.

மாத ஊதியம் அடுத்த மாதத்தின் 7ஆம் நாளுக்குள் வழங்கப்படவேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பின் விதியாகும். வருங்கால வைப்பு நிதிக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கும் உரிய தொகைகளை 15ஆம் நாளுக்குள் செலுத்தவேண்டும். இவ்விரு நாள்களும் அலுவலரின் நாட்காட்டியில் அழியாத நாள்கள்.

3. ஊதியச் சீட்டைப் படிப்போம்

ஒரு தொழிலாளியின் மாத ஊதியம் 14,000 ரூபாய் என்றும், கீழ்க்காண்பனவற்றைத் தவிர வேறு பிடித்தம் இல்லை என்றும் கொள்வோம்.

தொழிலாளியிடம் பிடிப்பவை:
வருங்கால வைப்பு நிதி (12 விழுக்காடு) – ரூ. 1,680
தொழிலாளர் அரசுக் காப்பீடு (0.75 விழுக்காடு) – ரூ. 105
கையில் பெறும் தொகை – ரூ. 12,215

வேலையளிப்பவர் தம் பங்காகச் செலுத்துபவை:
வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதியமும் (12 விழுக்காடு) – ரூ. 1,680
தொழிலாளர் அரசுக் காப்பீடு (3.25 விழுக்காடு) – ரூ. 455

கையில் வரும் 12,215 ரூபாயை மட்டுமே ஊதியம் எனத் தொழிலாளி எண்ணுவது இயல்பு. அவர் கண்ணுக்குப் படாமல் மாதந்தோறும் 3,920 ரூபாய் அவர் பெயரில் வேறிடம் செல்கிறது. முதுமைக்கும் நோய்க்காலத்துக்கும் உரிய காவல் அது. வேலையளிப்பவரின் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்கும், எஞ்சிய 3.67 விழுக்காடு வைப்பு நிதிக்கும் பிரிந்து செல்லும்.

வருகைப்பதிவின் ஒரு நாள் எத்துணை மதிப்புடையது என்பதற்குக் காப்பீட்டு விதி ஒன்று சான்றாகும். நோயுற்ற தொழிலாளி உதவித்தொகை பெறுவதற்கு, அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் அவருக்காகப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்கவேண்டும். 78 நாள் வேலை செய்தவருக்கு ஏட்டில் 77 நாள் என்று பதிந்துவிட்டால், படுக்கையில் கிடக்கும் காலத்தில் அவருக்கு உரிய தொகை வாராது. ஒரு நாள் ஊதியம் மட்டும் இழந்ததாக அக்கணக்கு முடிவதில்லை.

அறிந்துகொள்வோம்: தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அத்திட்டம் 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது.

4. பெயரும் எழுத்தும்

ஊதியக் கணக்கைக் கணினி போட்டுவிடும். பெயரைச் சரியாகப் பதிவது மனிதரின் பொறுப்பாகவே இருக்கிறது. பல மாநிலத்தார் ஒன்றுகூடிப் பணியாற்றும் இடத்தில் அதுவே அரிய பணியும் ஆகும்.

தமிழர் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவர். வடமாநிலத்தார் பலர் குடும்பப்பெயரைத் தம் பெயருக்குப் பின் இடுவர். விண்ணப்பப் படிவமோ ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரு கட்டங்களை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே வகையாகக் கேட்கிறது. ‘க. முருகன்’ என்பவர் ஓர் ஆவணத்தில் முருகன் க. என்றும், மற்றொன்றில் முருகன் கருப்பையா என்றும், வேறொன்றில் முருகன் என்று மட்டும் இடம்பெற்றுவிடுவார். லட்சுமி என்னும் பெயரையும் சௌத்ரி என்னும் பெயரையும் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதலாம். மனிதர் ஒருவரே, கணினிக்கு அவர் மூவர்.

ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் பெயரும் பிறந்தநாளும் ஒத்திராவிட்டால், பணம் கேட்டு அளிக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும். ஆகவே, நல்ல அலுவலர் பணியில் சேரவரும் தொழிலாளியிடம் பெயரைச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நில்லார். ஆவணத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவார். ஐந்து நிமிடம் எடுக்கும் இச்செயல், பின்னாளில் ஐந்து மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

5. பத்து ஆண்டு என்னும் எல்லை

ஒடிசாவிலிருந்து மானேசருக்கு வேலை தேடி வந்த தொழிலாளி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். 2012 முதல் 2018 வரை ஆறு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின்கீழ் உழைத்தார். பின்னர் வேறொரு நிறுவனத்தின்கீழ் நான்கரை ஆண்டுகள் உழைத்தார். 2014இல் நடைமுறைக்கு வந்த 12 இலக்கப் பொதுக் கணக்கு எண், வேலை மாறினாலும் மாறாமல் தொடரவேண்டிய எண்ணாகும். ஆயினும், அவர் இரண்டாம் இடத்தில் சேர்ந்தபோது பழைய எண்ணை எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை. பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தமையால் பழைய பதிவும் கணினியில் அகப்படவில்லை. புதிய எண் ஒன்று உருவாகிவிட்டது.

1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி, 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். அவர் உழைத்ததோ பத்தரை ஆண்டுகள். ஏடு காட்டுவதோ ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் நான்கரை. இரண்டும் இணையாத வரையில் தனித்தனியே எதுவும் பத்தை எட்டாது. வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் வரவேண்டிய தொகை, ஓர் எழுத்தின் வேறுபாட்டால் தடைபட்டு நிற்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. தொழிலாளியும் வேலையளித்தவரும் சேர்ந்து அளிக்கும் கூட்டு விண்ணப்பத்தின் வாயிலாகப் பெயரைத் திருத்தலாம். பின் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றலாம். அதற்குப் பழைய நிறுவனத்தின் ஏடுகளும் கையொப்பமும் வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் வழி நீளும். ஊர் திரும்பிவிட்ட முதியவர், வேற்று மொழி பேசும் நகரத்து அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பது எளிதன்று. தொடக்கத்திலேயே “இதற்கு முன் எங்கேனும் வேலை பார்த்தீர்களா?” என்று ஒரு வினாவை எழுப்பியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

6. காக்கவேண்டியவை

அலுவலரின் மேசையில் பல்லாயிரவரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் குடும்ப விவரமும் குவிந்துள்ளன. அவற்றைப் பிறர் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் காப்பதும் அவர் கடமையே. 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமையை வலியுறுத்துகிறது.

தொழிலாளி தமக்குப்பின் தொகையைப் பெறவேண்டியவர் யார் எனக் குறிப்பது நியமனம் எனப்படும். திருமணம் ஆனபின் அதனைப் புதுப்பிக்குமாறு நினைவூட்டுவதும் இப்பணியில் அடங்கும். நினைவூட்டாவிடில் கேட்பார் இல்லை. நினைவூட்டினால், ஒரு குடும்பம் துயர்நாளில் தவியாது.

இப்பணியில் பாராட்டு அரிது. ஊதியம் சரியாகச் சேர்ந்த மாதத்தில் எவரும் அலுவலரை நினைப்பதில்லை. தவறிய மாதத்தில் எல்லாரும் நினைப்பர். எனினும், தாம் நேரில் கண்டிராத ஒருவரின் பெயரைப் பிழையின்றி எழுதுவது அவரை மதிப்பதாகும். எழுத்தைக் கற்கும் மாணவர் அனைவரும் உளங்கொள்ளத்தக்க உண்மை இது.

சொல்லும் பொருளும்
ஒப்புநோக்குதல் – இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தல்
பிடித்தம் – ஊதியத்திலிருந்து கழிக்கப்படும் தொகை
மிகைநேரப் பணி – வரையறுத்த நேரத்துக்கு மேல் செய்யும் வேலை
நிராகரித்தல் – ஏற்க மறுத்தல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு எனக் குறிக்கும் அளவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மாத ஊதியம் அடுத்த மாதத்தின் ______ ஆம் நாளுக்குள் வழங்கப்படவேண்டும்.
2. பொதுக் கணக்கு எண் ______ இலக்கங்களை உடையது.
3. மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது ______ ஆண்டுப் பணிக்காலம் வேண்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மனிதவள நிறுவனத்தின் தொழில் யாது?
2. முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பாகச் சட்டம் கூறுவது யாது?
3. ‘மனிதர் ஒருவரே, கணினிக்கு அவர் மூவர்’ – இத்தொடரின் பொருளை விளக்குக.

இ. விரிவான விடை தருக.
பத்தரை ஆண்டு உழைத்தவருக்கு ஓய்வூதியம் தடைபட்டதன் காரணங்களைத் தொகுத்து எழுதுக. அவற்றுள் எதனை, எப்போது, யார் தடுத்திருக்கலாம்?

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: ஊதியப்பட்டியல், கையொப்பம், முதலெழுத்து.
2. செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக:
எடுத்துக்காட்டு: அலுவலர் பட்டியலைச் சரிபார்த்தார் – அலுவலரால் பட்டியல் சரிபார்க்கப்பட்டது.
(க) நிறுவனம் ஊதியத்தை வழங்கியது.
(ங) எழுத்தர் பெயரைத் தவறாகப் பதிந்தார்.
3. ‘பெயர் தவறாகப் பதியப்பட்டது’ என்னும் தொடரில் செய்தவர் யார் என்பது மறைந்துள்ளது. அலுவலகக் கடிதங்களில் இவ்வாறு எழுதுவதால் விளையும் நன்மை தீமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.

உ. கணக்கிடுக
மாத ஊதியம் 12,000 ரூபாய் பெறும் தொழிலாளியின் இரு பிடித்தங்களையும், அவர் கையில் பெறும் தொகையையும் பாடத்தில் உள்ள முறைப்படி காண்க.

ஊ. செயல்பாடு
உம் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே வகையாக உள்ளதா எனப் பெற்றோர் துணையுடன் ஒப்பிட்டுப் பார்க்க. வேறுபாடு இருப்பின், அதனைத் திருத்தித் தருமாறு வேண்டி உரிய அலுவலருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுக.