காலுக்கு வேலை கொடுங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வந்த பெரியவரை ஜொகூரின் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் பிள்ளைகள் சாப்பாட்டைக் கேட்பார்கள், கட்டிலைக் கேட்பார்கள், மாதக் கட்டணத்தைக் கேட்பார்கள். வாரத்தில் எத்தனை நாள் காலுக்கு வேலை கொடுப்பீர்கள் என்று கேட்பவர் குறைவு. காலையில் வட்டமாக உட்கார்ந்து கை தட்டுவதும் தோளை உருட்டுவதும் மனசுக்கு நல்லதுதான். கழிப்பறைக்குத் தானாகப் போய்வரும் பலம் அதில் வராது. அதற்குப் பளு வேண்டும், அந்தப் பளு படிப்படியாக ஏறவும் வேண்டும். இந்த வயதிலா என்பீர்கள். 1990-இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டன் நகர இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. மிகக் குறைந்த பலத்தில் தொடங்கியதால்தான் எண் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் 1994-இல் 100 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் வலிமை இரட்டிப்புக்கு மேல் ஏறியது, நடை வேகமும் கூடியது.

தொடங்குமுன் மருத்துவரிடமோ பிசியோவிடமோ எழுதி வாங்குங்கள்: அறுவை செய்த காலில் எவ்வளவு பாரம் போடலாம், இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால் எவ்வளவு முன்னே சாயலாம், இதயத்துக்கு என்ன வரம்பு. பிறகு கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெரியவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை சாய்ந்து எழ வேண்டும். நம் ஆட்கள் பாசத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். தோளுக்கும் ஆபத்து, காலுக்கும் வேலை போச்சு. தூக்குவதற்குப் பதிலாகக் கெட்டியான மெத்தை ஒன்றை வைத்து இருக்கையை உயர்த்துங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கட்டும், பாதிப் பயிற்சி அந்த இறக்கத்தில்தான். 8 முறை சுலபமாக எழ முடிந்தால் மெத்தையை எடுங்கள். அடுத்த கட்டம் கைப்பிடியை விடுவது. அப்புறம் கணுக்காலில் அரைக் கிலோ பளுப்பட்டை கட்டி, உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்கலாம். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும், ஆனால் பேச்சு திணறக் கூடாது. வாரம் 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் மேசையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்கப் பழகலாம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் செய்யவே கூடாது.

விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பது இல்லத்தாரின் பயம். நியாயமான பயம், அதனால்தான் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆனால் கட்டில் பாதுகாப்பு என்பதும் நினைப்புத்தான். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களே 10 நாள் படுத்திருந்ததில் கால் சதையில் ஏறத்தாழ ஒரு கிலோ இழந்தார்கள். அப்படி மெலிந்த காலோடு ஒருநாள் இரவில் தனியாக எழுந்தால் விழாமல் என்ன செய்வார்? ஆள் பற்றாக்குறை என்ற பதிலைத் தள்ளிவிட முடியாது. தனி நேரம் ஒதுக்க முடியாத இல்லத்தில், எப்படியும் ஆள் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டு வேளையில் தட்டு வருமுன், இன்சுலின் போடுகிறவருக்கு மட்டும் சாப்பிட்ட பிறகு, 5 முறை எழுந்து உட்காரச் செய்யலாம். மீதியை, ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்து உட்காரும் மகனும் மகளும் செய்யலாம். வரும்போது பழத்தோடு ஒரு கணக்கும் கொண்டுவரட்டும்: வீட்டுக் கழிப்பறை இருக்கை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர். இல்லத்து நாற்காலியின் உயரத்தை அந்த அளவுக்கு இறக்கி, அதிலிருந்தும் பெரியவர் தானாக எழுந்த பிறகு வீடு திரும்பும் தேதியைப் பேசலாம்.