உகந்தமலைக்குச் செல்லும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நண்பர்களுடன் உகந்தமலைக்குப் போக எண்ணியிருப்பதாக நீ எழுதிய கடிதம் கண்டு மகிழ்ந்தேன். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்தத் தென்கோடியும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தமையால், வாவிக்கரையில் வாழும் நமக்கு அது அயலூர்க் கோயிலன்று. கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரமாகவே செல்லும் பாதை, தமிழரும் சிங்களரும் மணவுறவு பூண்டு கலந்து வாழும் பாணமையைத் தாண்டியதும் காட்டுக்குள் புகும். அங்கே யானை நடமாட்டம் உண்டாகையால், பொழுது சாயுமுன் அடிவாரத்தைச் சேர்ந்துவிடுவது உத்தமம்.

பழனியிலும் சுவாமிமலையிலும் உயரம் முருகனுக்கே உரியது. உகந்தையிலோ அப்பெருமான் அடிவாரத்தில் சந்நிதி கொண்டிருக்க, மொட்டைப் பாறைகளின்மேல் ஏறிச் சென்றால் உச்சியில் வீற்றிருப்பவள் வள்ளியம்மை. வள்ளி வேடர் குலத்துப் பெண்ணாக இந்நாட்டுக் கதிர்காமக் காட்டிலேயே வளர்ந்தவள் என்பது ஈழத்து ஐதிகம்; ஆகவே அவள் இந்த மண்ணுக்குரியவள், அவனோ பெண் கொள்ள வந்தவன். தாய்வழியே குடி எண்ணி, கோயிலுரிமைகளையும் பெரும்பாலும் அவ்வழியே பகிர்ந்துகொண்ட நம்மவர்க்கு, வந்த மருமகன் கீழே நிற்க வீட்டுக்குரிய பெண் மேலே இருப்பது சிறிதும் விபரீதமாகத் தோன்றியிராது என்பது என் அபிப்பிராயம். உன் தாயுடன் பிறந்தவனாதலால் எனக்கும் உனக்கும் குடி ஒன்று. நான் பெற்ற பிள்ளைகளோ தங்கள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். (இதை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கப் புகுந்து நான் ஒருநாளும் வென்றதில்லை.)

கீழே முருகனை வணங்கிய கையோடு மலையேறிவிடு; வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுக்குப் பாறை சுடும். வழியிலுள்ள சுனைகளில் குளிப்பதும் சவர்க்காரம் இடுவதும் தகாது. காட்டு விலங்குகளும் பறவைகளும் கோடையில் நாடும் நீர் அது. உச்சியில் நின்றால் கிழக்கே கடல் தெரியும். முருகனும் வள்ளியும் ஏறிவந்த ஓடங்கள் அந்தக் கடற்கரையில் கல்லாகிக் கிடப்பதாகச் சொல்வார்கள். இறங்கியபின் அவற்றையும் பார்த்துவிட்டு வா.

தெற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தெரிவது குமண வனம். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வனத்தினூடே மாணிக்க கங்கைக்கரை வரை பல நாள் நடக்கும் கதிர்காம யாத்திரிகர்கள் உகந்தையிலேதான் கூடிப் புறப்படுவார்கள். அந்த வனப்பாதை ஆடித் திருவிழாவையொட்டிச் சில நாள் மட்டுமே திறக்கப்படுவதாகையால், மலைமீது நின்று ஆசை பிறந்தாலும் இம்முறை உள்ளே நுழைந்துவிடாதே. அடுத்த ஆடியில் நடப்பதானால் சித்திரையிலேயே எனக்கு எழுது. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உன் மாமா