வரப்பும் வண்டிப் படியும்

நம் கூட்டங்களுக்கு வரும் தம்பிகள் இப்போதெல்லாம் விதை, உரம் பற்றிக் கேட்டு முடித்ததும் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். நஞ்சில்லாக் காய்கறியை நாமே கொண்டுபோய் விற்க வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்தாவது ஒரு பிக்கப் வாங்க வேண்டியிருக்கிறது. "கதவுக்குக் கீழ ஃபுட்போர்டு போட்டுக்கலாமுங்களா?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு விலையாக நான் ஒரு வரப்பையும் இரண்டு வருடத் தொழுவுரத்தையும் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எங்கள் காடு ஈரோடு மாவட்டத்தில், சரிவான செம்மண் பூமி. தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் முக்கால் கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஒரு அடி உயரத்தில் மண்வரப்புகள் போட்டிருக்கிறோம். மழைத்தண்ணி ஓடாமல் நின்று இறங்குவது அந்த வரப்புகளால்தான். நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். வண்டி உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி. "படியில்லாத வண்டியில நான் எப்படிச் சாமி ஏறுவேன்?" என்றார். பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி, இரும்புக் குழாயில் இரண்டு பக்கமும் ஃபுட்போர்டு போட்டோம். அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து சந்தைக்கு வந்தது அந்த வாரம்தான்.

அடுத்த வாரமே வந்தது வினை. காலையில் வெறும் வண்டி வரப்பைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியது, எங்கேயும் இடிக்கவில்லை. தக்காளி, கத்தரி, சின்ன வெங்காயம் எல்லாம் ஏற்றிக்கொண்டு அதே வரப்பில், அதே இடத்தில் ஏறும்போது 'கடக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் கோணலாகவும் ஏற்றிவிட்டேன். இடதுபக்கப் படி வரப்பில் உட்கார்ந்துகொண்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க, படியைத் தாங்கிய கிளாம்பு மடங்கி, குழாய் மேலே எழும்பிக் கதவின் அடியில் குத்திவிட்டது. இடதுபக்கக் கதவைத் திறக்க முடியவில்லை. அம்மா என் பக்கமாக நகர்ந்து நகர்ந்து இறங்கினார். லோடை இறக்கி, கடப்பாரையால் நெம்பி, மறுபடி ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் கீரை வாடிப்போயிருந்தது.

காலையில் இடிக்காத வரப்பு பத்து மணிக்கு ஏன் இடித்தது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. பக்கத்துக் காட்டு மச்சான், "ஏனுங்க மாப்பிள்ளை, வரப்ப ஒரு வண்டி அகலத்துக்கு வெட்டி உட்டா சோலி முடிஞ்சுது" என்றார். மண்வெட்டி எடுத்து நானே வெட்டினேன். ஐப்பசி மழையில் மேல்காட்டுத் தண்ணி முழுக்க அந்த வாய் வழியாகத்தான் போனது. முட்டளவுக்கு ஓடை விழுந்துவிட்டது. கீழே ரோட்டோரக் குழியில் கறுப்பாகப் படிந்து கிடந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் கொட்டிய தொழுவுரம்தான்.

அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

கம்பெனிக்காரர்கள் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு எண் சொல்வார்கள். வண்டியின் அடியில் ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அது. பிக்கப் வண்டியில் அந்தத் தாழ்ந்த இடம் பெரும்பாலும் பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைதான், அதாவது மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்வது. எங்கள் வண்டியில் அது 8 அங்குலம். ஃபுட்போர்டின் அடிப்பாகம் 13 அங்குலம். எட்டே தாண்டும்போது பதின்மூன்று எப்படி இடிக்கும்?

இரண்டு காரணம். முதல் காரணம் லோடு. கிரவுன் இருப்பது அச்சில். அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் டயர் நசுங்குகிற அளவுக்குத்தான் அது தாழும். ஃபுட்போர்டு மாட்டியிருப்பது சேசிஸில். சேசிஸ் பட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏற ஏறப் பட்டை படியும், படியும் சேர்ந்து இறங்கும். லோடோடு அளந்தபோது எங்கள் படியின் பின்முனை பதினொன்றரை அங்குலத்தில் நின்றது. வரப்போ 12 அங்குலம். காலைக்கும் பத்து மணிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒன்றரை அங்குலம்தான்.

இரண்டாவது காரணம் படி இருக்கும் இடம். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் வரப்பு மேல் ஏறும்போது கிரவுனும் அதோடு ஏறிவிடுகிறது, அதனால் வரப்பு உச்சிக்கு மேலே அதற்கு எப்போதும் அதே 8 அங்குலம் இருக்கும். படியைத் தூக்கிவிட அப்படி ஒரு சக்கரம் கிடையாது. அது முன்சக்கரத்துக்குப் பின்னால் தொடங்கி வண்டியின் நடுப்பகுதிவரை நீண்டு தொங்குகிறது. முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கி, பின்சக்கரம் இந்தப் பக்கம் நிற்கும் நேரத்தில் வரப்பு முழு உயரத்தோடு படிக்கு அடியில் இருக்கும். கோணலாக ஏற்றினால் வண்டி ஒருபக்கம் சாயும், சாய்ந்த பக்கத்துப் படி இன்னும் தாழும். வரப்பை நேராகத்தான் ஏற வேண்டும் என்பது இதனால்தான். தும்பு கட்டாத எருது போல வண்டியை அலையவிடக் கூடாது.

இட்டேரியில் வேறு மாதிரித் தொல்லை. வண்டித்தடம் ஆழமாகத் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். தடத்துக்குள் சக்கரத்தை இறக்கினால் நடுமேடு கிரவுனை உரசும். படியோ டயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, அது ஓரத்துக் கரையில் இருக்கும் கல்லையும் கிளுவைக் கட்டையையும் தேடிப்போய் இடிக்கும். முடிந்த இடத்தில் ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மற்றதை ஓரக்கரையிலும் ஏற்றி மெதுவாக ஓட்டினால் இரண்டும் தப்பும். மழை பெய்து கரை ஊறியிருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், வழுக்கி வேலிக்குள் கொண்டுபோய் விடும். மழை பெய்த காட்டுக்குள் வண்டியை இறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஈரமண்ணை வண்டி ஒருமுறை அழுத்தினால் மண்புழு வருடக்கணக்கில் செய்த வேலை கெட்டுப்போகும். அன்றைக்குக் கூடையைத் தலைச்சுமையாக இட்டேரி வரைக்கும் கொண்டுவருவோம்.

"பெரிய டயர் போட்டா உயரம் கூடுமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 215/75 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் டயரின் முழு உயரம் 30 மில்லிமீட்டர் கூடும். வண்டி உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு நாலு டயர் விலை. கூடுதலாகப் பட்டை வைத்தால் சேசிஸ் உயரும், கிரவுன் உயராது, வெறும் வண்டியாகப் போகும்போது முதுகெலும்பு பேசும்.

நாங்கள் செய்தது இதுதான். ஃபுட்போர்டைக் கழற்றினோம். கல்குவாரி எந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள், ஆகக் கீழே இருக்கும் படி கம்பிவடத்திலோ ரப்பர் பட்டையிலோ தொங்கும். இடித்தால் மடங்கி ஒதுங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் ஒரு பலகையை இரண்டு சங்கிலியில் கோர்த்து, சேசிஸில் ஏற்கெனவே இருந்த போல்ட்டு ஓட்டையில் கொக்கி மாட்டினோம். சேசிஸில் வெல்டிங் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அம்மா ஏறியதும் கொக்கியைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடலாம்.

வெட்டிய வரப்பை மறுபடி கட்டினோம், ஆனால் வண்டி கடக்கும் இடத்தில் மட்டும் வேறு மாதிரி. எங்கள் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 10 அடி. வரப்பின் இரண்டு பக்கமும் 10 அடி நீளத்துக்குச் சரிவு கொடுத்தோம். வண்டி உச்சியைக் கடக்கும்போது இரண்டு சக்கரமும் பாதிச் சரிவில், அதாவது அரையடி உயரத்தில் நிற்கும். அதனால் ஒரு அடி வரப்பு வண்டியின் வயிற்றுக்கு அரையடியாகத்தான் தெரியும். தண்ணிக்கு மட்டும் அது முழுசா ஒரு அடி. 5 அடிச் சரிவு போட்டால் ஒரு பயனும் இல்லை, சக்கரம் இரண்டும் தரையிலேயே நிற்கும். முதலில் நான் அப்படித்தான் போட்டேன், பிறகு பாதியைக் கொத்திப் போட்டேன். சரிவில் ஓடைக்கல் பதித்து, இடையில் அருகம்புல் வைத்திருக்கிறோம்.

புதிதாக வண்டி வாங்குகிறவர்கள், சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, வழக்கமாக ஏற்றும் லோடோடு கதவுக்கு அடியில் அளந்துகொள்ளுங்கள். அதே உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி சீட்டுக்குப் பின்னால் போட்டு வையுங்கள். தெரியாத காட்டுக்குள் போகும்போது இறங்கி நடந்து, குச்சியை மேட்டுக்குப் பக்கத்தில், சக்கரம் போகும் தரையில் நிறுத்திப் பாருங்கள். உழுத மண்ணாக இருந்தால் டயர் புதையும் என்று இரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். வயல்வரைக்கும் தார் ரோடு இருக்கிறவர்கள் தாராளமாக ஃபுட்போர்டு போட்டுக்கொள்ளலாம்.

சங்கிலிப்படி ஆடுகிறது என்று அம்மா இன்னமும் குறை சொல்கிறார். இந்த வாரம் சங்கிலியை எடுத்துவிட்டுப் பழைய டயர்ப் பட்டை போட்டுப் பார்க்கப் போகிறோம்.