ஹெரால்டின் கூரையை அறுக்கலாமா?

பொத்தேரியில் ரயில் ஏறித் தெற்கே போனால் பரனூர். அங்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்களை அசெம்பிள் செய்கிறார்கள். வடக்கே போனால் வண்டலூர், பெருங்களத்தூர். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது என்று சொன்னால் நம்ம பசங்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டுக்கு 1961-இல் அவர்கள் கொண்டுவந்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பழைய ஜெர்மன் ரோட்ஸ்டர் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால் எல்லாரும் ஹார்ட் விடுகிறோம். 1955 முதல் 1963 வரை வந்த மெர்சிடிஸ் 190 எஸ்.எல்.லையே எடுத்துக்கங்க. பளபளக்கும் அந்த உடம்புக்கு அடியில் இருப்பது சாதாரண பென்ஸ் செடான் காரின் தளம்தான், நீளத்தைக் குறைத்துப் போட்டது. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ரோட்ஸ்டரும் பிறந்தது. அதாவது நம்ம பெருங்களத்தூர் வண்டி ஒரு ரோட்ஸ்டருக்குப் பெரியப்பா முறை!

இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு: பின்பக்க ஸ்விங் ஆக்ஸில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். டிஃபரன்ஷியலை ஃப்ரேமில் பொருத்திவிட்டு, இரண்டு பக்க ஆக்ஸிலையும் கதவுக் கீல் மாதிரி அசைய விடுகிறோம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது கலங்காது. ஆனால் ஆக்ஸில் ஒரு வட்ட வில்லில் அசைவதால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் கேம்பர் மாறும். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடிமானம் போகும். பென்ஸ்காரர்கள் கீலை டிஃபரன்ஷியலுக்குக் கீழே இறக்கி ஒரே கீலாக்கினார்கள். வில்லின் ஆரம் நீண்டது, கேம்பர் மாற்றம் குறைந்தது. நம்ம ஆட்கள் வேறு வழி போனார்கள். 1971-இல் வந்த கெஸல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு முழு ஆக்ஸில் போட்டார்கள். இன்ஜின் மட்டும் அதே 948 சிசி. புத்தகப்படி பார்த்தால் பின்னோக்கிய அடி. ஆனால் நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் அதுதான் ஒத்துவந்தது. எனக்கு இது தப்பாகத் தெரியவில்லை.

சரி, ஹெரால்டு ஏன் இன்னும் பிடிக்கிறது? கழற்ற முடிகிற வண்டி என்பதுதான் என் பதில். 1953-இல் பாடி செய்துகொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட, ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு ஒரே துண்டாக மோனோகாக் அடித்துத்தர ஆளில்லை. அதனால் தனி சேஸி, அதன்மேல் போல்ட் போட்ட பாகங்கள். டிசைன் இத்தாலியின் மிக்கெலோட்டி. பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூஞ்சியும் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் 25 அடிதான். ஜி.எஸ்.டி. ரோட்டு யூ-டர்னில் இன்றைக்கும் பெரிய பெரிய வண்டிகள் பொறாமைப்படும்.

சிக்கலும் இங்கேதான். கூரையும் போல்ட்தானே என்று ரெஸ்டோர் பண்ணுகிற சிலர் அதை எடுத்துவிட்டு ‘ரோட்ஸ்டர்’ ஆக்குகிறார்கள். போல்ட்டைக் கழற்றினால்கூடப் பரவாயில்லை, திரும்ப மாட்டலாம். பலர் கட்டிங் மிஷினை வைத்துவிடுகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ வரிசையில் விண்டேஜாகப் பதியலாம். சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அறுத்த வண்டி அந்தத் தகுதியை இழக்கும். தினசரி ஓட்டவும் வி.ஏ. வண்டிக்கு அனுமதி இல்லை என்பது வேறு கதை.

அதைவிடப் பெரிய நஷ்டம் நாலு கதவு ஹெரால்டில். அது 1960-களின் கடைசியில் இங்கேயே உருவாக்கியது. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு வரவே இல்லை. இரண்டு கதவு வண்டிக்குப் பல பாகங்கள் இன்றும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். இதன் பின்கதவு வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் தேடணும், இல்லை இன்னொரு மெட்ராஸ் ஹெரால்டைப் பிரிக்கணும்.

யார் வீட்டு ஷெட்டிலாவது ஒன்று தூங்குகிறதா? பெயின்டைப் பார்க்காதீங்க. கீழே படுத்து, சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்க. மழைத்தண்ணீரும் சேறும் தங்கித் துரு பிடிக்கும் இடம் அது. கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடல்காற்றில் நின்ற வண்டி என்றால் ரெண்டு தடவை தட்டுங்க.