வாயிலில் சற்று நிற்போம்

பத்ரிநாத யாத்திரை செல்லும் அன்பர்களுள் பலர் ஜோஷிமடத்தில் ஓரிரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டுவிடுகின்றனர். சுமார் 6,000 அடி உயரத்தில் மலைச்சரிவில் அமைந்த இச்சிற்றூர் அவர்களுக்கு வெறும் வாயில். வாயிலில் யார் நிற்பார்?

ஆதிசங்கரர் நின்றார். இங்கு ஒரு முசுக்கட்டை மரத்தடியில் தவமிருந்து அவர் ஞானஒளி பெற்றார் என்பது மரபு. ஜோதிர்மடம் என்ற பெயரே மருவி ஜோஷிமடம் ஆயிற்று. குளிர்காலத்தில் பத்ரியில் நடை சாத்தப்பட்டதும் சங்கரரின் ஆசனம் இங்குள்ள நரசிம்மர் ஆலயத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.

இந்நரசிம்மரின் ஒரு கை மெலிந்துகொண்டே வருகிறதாம்; அது ஒடியும் நாளில் மலைகள் இணைந்து பத்ரிக்குச் செல்லும் வழி அடைபடும் என்று ஊரார் நம்புகின்றனர். இத்தகையவற்றைக் கதை என்று ஒதுக்கும் கல்வி எனக்கும் வாய்த்ததுதான். 2023 ஜனவரியில் இவ்வூரில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டபோது அக்கதை என்னை உறுத்தியது. ஊர் பழைய மண்சரிவுக் குவியலின் மீது அமைந்துள்ளது, சரிவிலுள்ள பாறைகளை வெடிவைத்து அகற்றலாகாது, பெருங்கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மிஸ்ரா குழு 1976-இலேயே எச்சரித்திருந்தது.

“உலகம் மித்தைதானே, சுவாமி?” என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். மித்தை என்பது அலட்சியத்திற்கு அளிக்கப்பட்ட அனுமதி அன்று. வியாவகாரிக சத்தியத்தைச் சங்கரர் மறுக்கவில்லை. ஞானம் உதிக்கும்வரை அது செல்லும் என்பதே அவர் கொள்கை. வீடிழந்தவரின் குளிரும் அத்தகையதே.

அடுத்த முறை செல்லும் அன்பர்கள் பொழுது சாயுமுன்பே ஜோஷிமடம் சேருங்கள். நரசிம்மரைத் தரிசித்தபின், தேநீர்க் கடைக்காரரிடம் அவர் வீட்டுச் சுவர் எந்நிலையில் உள்ளது என்று விசாரியுங்கள்.