மலைநாட்டில் ராஜ்மா சமைத்தல்: பிரஷர் குக்கரின் விஞ்ஞானம்

நம் நாட்டு மக்களுள் பெரும்பாலோர் தங்கள் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தானியங்களிலிருந்தும் பருப்பு வகைகளிலிருந்துமே பெறுகின்றனர். பருப்பு வகைகளுள், சிறுநீரகத்தின் வடிவை ஒத்த ராஜ்மா என்னும் பயறு வட இந்தியாவில், சிறப்பாக இமயமலைச் சாரலில், பெரிதும் விரும்பி உண்ணப்படுகிறது. ஜம்முப் பகுதியின் பதர்வா, இமாசலப் பிரதேசத்தின் சம்பா, உத்தராகண்டத்தின் ஹர்சில், முன்ஸியாரி ஆகிய இடங்களில் விளையும் ராஜ்மா பெயர் பெற்றது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்பயறு, இம்மலைச் சரிவுகளில் மக்காச்சோளத்துடன் கலந்து பயிரிடப்படுகிறது; அறுவடைக்குப் பின் உலர்த்தப்பட்டுக் குளிர்காலத்துக்கெனச் சேமித்து வைக்கப்படுகிறது. 100 கிராம் உலர்ந்த ராஜ்மாவில் சுமார் 20 கிராமுக்குக் குறையாத புரதமும், அதனுடன் இரும்புச் சத்தும் நார்ச் சத்தும் உள்ளன. குளிர் மிகுந்த மாலையில் கெட்டியான ராஜ்மாச் சாறும் சுடுசோறும் வயிற்றுக்கு நிறைவான உணவாகும்.

ஆயினும், இப்பயறு விளையும் உயர்ந்த இடங்களிலேதான் இதனை வேகவைப்பது மிகவும் கடினமாக இருக்கிறது. சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் வேகும் பயறு, மலையில் அரை நாள் கொதித்த பின்னும் நடுவில் கடினமாகவே இருப்பதுண்டு. இதனால் விறகு வீணாவது மட்டுமன்று. சரியாக வேகாத ராஜ்மா உடலுக்குத் தீங்கும் விளைவிக்கும். இதன் காரணத்தையும், பிரஷர் குக்கர் இக்குறையை எவ்வாறு நீக்குகிறது என்பதையும் கள அலுவலர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

மலையில் வேகாததன் காரணம்

நீர் எந்த உஷ்ணநிலையில் கொதிக்கும் என்பது, அதன் மேல் அழுத்தும் காற்றைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலையும் குறைகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் நீர் 93 டிகிரியிலும், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் 88 டிகிரியிலும் கொதிக்கும். நம் உதகமண்டலமும் ஏறக்குறைய சிம்லாவின் உயரத்தில் இருப்பதால், அங்கும் நிலைமை இதுவே.

இங்கு ஒரு பொதுவான தவறெண்ணத்தைக் களைதல் வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கிய பின், அடுப்பில் எவ்வளவு விறகு திணித்தாலும் திறந்த பாத்திரத்திலுள்ள நீரின் உஷ்ணநிலை உயராது. மிகுதியான வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக மாற்றுவதிலேயே செலவாகிவிடும். ஆதலின், நீர் தளதளவெனக் கொதிப்பதைக் கண்டு பயறு விரைவில் வேகும் என்று எண்ணுதல் பிழையாகும்.

அரைவேக்காட்டினால் விளையும் தீங்கு

பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் ஒரு புரதப் பொருள் உள்ளது. இது லெக்டின் என்னும் வகையைச் சேர்ந்தது. குடலின் உட்சுவரைத் தாக்கும் இயல்புடையது. வேகாத ராஜ்மாவில் நான்கைந்து விதைகளை உண்டாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், பின்னர் வயிற்றுப்போக்கும் உண்டாகக்கூடும். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவர் எனினும், சிறு குழந்தைகளுக்கு உடலின் நீர் வற்றுவது ஆபத்தாக முடியலாம். செந்நிற ராஜ்மாவில் இப்பொருள் மற்ற நிறத்தனவற்றைவிட மிகுதி.

நன்கு ஊறிய பயற்றை 100 டிகிரியில் 10 நிமிடம் கொதிக்க வைத்தால் இந்நச்சுப் பொருள் சிதைந்துவிடும். பாதுகாப்பின் பொருட்டு 30 நிமிடம் கொதிக்க வைத்தல் நலம். உஷ்ணநிலை குறையக் குறைய இச்சிதைவு மிகவும் மெதுவாகிறது. 80 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்திருந்தாலும் அது முழுமை பெறுவதில்லை. அது மட்டுமன்றி, அவ்வாறு இளஞ்சூட்டில் வைத்த பயறு, பச்சைப் பயற்றைவிட அதிக நச்சுத்தன்மை காட்டுவதும் உண்டு. ஆகவே, கொதிக்க வைக்காமல் தணலின் மேல் இரவு முழுவதும் மூடிவைத்துச் சமைக்கும் முறை உளுந்துக்குப் பொருந்தலாம், ராஜ்மாவுக்குப் பொருந்தாது.

ஒரு பள்ளியின் மதிய உணவுக்குப் பின் பல குழந்தைகள் ஒருங்கே வாந்தி எடுத்தால், குடிநீர் கெட்டுவிட்டது என்றோ எண்ணெய் கெட்டுவிட்டது என்றோதான் முதலில் ஐயம் எழும். அன்றைய உணவில் ராஜ்மா இருந்ததா, அது எவ்வாறு, எவ்வளவு நேரம் சமைக்கப்பட்டது என்னும் கேள்விகளையும் அங்குச் செல்லும் அலுவலர் தவறாமல் கேட்டல் வேண்டும். பயறு பல்லுக்கு மென்மையாக இருந்தது என்பது மட்டும் போதிய சான்றாகாது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் கிடந்த பயறு மென்மையாகிவிடும். ஆனால் நச்சு நீங்கியிராது.

பிரஷர் குக்கர் செய்வது என்ன?

1679ஆம் ஆண்டில் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி, ஆவியை வெளியேறவிடாமல் அடைத்து வைக்கும் ஒரு கலத்தை அமைத்து, அதில் கடினமான எலும்புகளையும் மென்மையாகச் சமைத்துக் காட்டினார். கலம் வெடிக்காதிருக்க அவர் சேர்த்த பாதுகாப்பு வால்வு, பின்னர் நீராவி எந்திரங்களுக்கும் உதவியது. இன்று நம் அடுக்களையிலுள்ள குக்கர் இக்கலத்தின் வழிவந்ததே.

மூடிய கலத்தில் ஆவி சேரச் சேர அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்தால் நீரின் கொதிநிலையும் உயர்கிறது. மூடியின் மேலுள்ள 'வெயிட்', உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் மிகும்போது தூக்கப்பட்டு ஆவியை வெளிவிடும். இதன் பயனாகக் கிடைக்கும் உஷ்ணநிலை ஏறத்தாழப் பின்வருமாறு:

கடல்மட்டம்: திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி, குக்கரில் 120 டிகிரி.
சிம்லா: திறந்த பாத்திரத்தில் 93 டிகிரி, குக்கரில் 116 டிகிரி.
லே: திறந்த பாத்திரத்தில் 88 டிகிரி, குக்கரில் 114 டிகிரி.

இக்கணக்கில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. கடல்மட்டத்தில் குக்கர் 20 டிகிரி உயர்வு தருகிறது. லே நகரிலோ 26 டிகிரி தருகிறது. திறந்த பாத்திரத்தில் சமவெளிக்கும் லேக்கும் இடையே இருந்த 12 டிகிரி வேற்றுமை, குக்கருக்குள் 6 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. உஷ்ணநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகும் விரைவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்று பொதுவாகக் கொண்டால், லேயில் குக்கர் சமையலை ஐந்தாறு மடங்கு விரைவாக்கும் என்பது பெறப்படும். எனவே, சமவெளியில் வசதிப் பொருளாக இருக்கும் குக்கர், மலைநாட்டில் இன்றியமையாப் பொருளாகிறது. விறகு சுமக்கும் பெண்களின் உழைப்பும் இதனால் மிச்சமாகும். நச்சுப் பொருளும் இச்சூட்டில் விரைவில் சிதைந்துவிடும்.

ஊறவைத்தலும் நீரின் தன்மையும்

குக்கர் இருந்தாலும் ஊறவைத்தலைக் கைவிடலாகாது. உலர்ந்த விதையின் நடுப்பகுதிக்கு நீர் சென்றாலன்றி வெப்பமும் சீராகப் பரவாது. 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் ராஜ்மா ஏறத்தாழ இரு மடங்கு எடை அடையும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் சமைத்தல் வேண்டும்; வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்நீரோடு நீங்கும்.

விதையின் செல்களைப் பிணைத்து நிற்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் பயறு மென்மையாகும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுகச் செய்கின்றன. தக்காளி, புளி, மாதுளை விதை போன்ற புளிப்புப் பொருள்களும் அது கரைவதைத் தடுக்கின்றன. ஆதலின் புளிப்பைப் பயறு வெந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். உப்பும் பயற்றை இறுகச் செய்யும் என்று பலர் நம்புகின்றனர், இது சரியன்று. ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 15 கிராம் உப்பு கலந்து ஊறவைத்தால், உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு தோலை மென்மையாக்கும். சமையல் சோடாவும் விரைவில் வேகச் செய்யுமெனினும், தயாமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடுவதால் அதனைத் தவிர்த்தல் நன்று.

வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் பல மாதம் கிடந்த பயறு, எவ்வளவு ஊறவைத்தாலும் எளிதில் வேகாது. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் சேமித்தலும், பழைய பயற்றைப் புதியதுடன் கலவாதிருத்தலும் இதற்குத் தக்க வழிகள்.

சமைக்கும் முறை

ஐந்து பேருக்கு 250 கிராம் ராஜ்மா போதும். கல், சொத்தை நீக்கி, இரவில் ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை இறுத்து, கழுவி, 5 லிட்டர் குக்கரில் இட்டு, ஒரு லிட்டர் புது நீர், ஒரு துண்டு இஞ்சி, பெரிய ஏலக்காய் ஒன்று, பிரிஞ்சி இலை ஒன்று, தேவையான உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கவும். எண்ணெய் நுரையை அடக்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது.

மூடி, குழாய் வழியே ஆவி தடையின்றி வருவதைக் கண்ட பின் வெயிட்டை வைக்கவும். முதல் ஒலி எழுந்ததும் தீயைக் குறைக்கவும். அதன் பின் சமவெளியில் சுமார் 20 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சுமார் 25 முதல் 30 நிமிடமும் வைத்திருக்கவும். 'இத்தனை விசில்' என்று எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரியான முறை. தீ மிகுந்தால் விசில்களும் மிகும். ஆனால் உள்ளிருக்கும் உஷ்ணநிலை உயராது, எரிபொருளே வீணாகும்.

அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாகத் தணியும்வரை காத்திருக்கவும். வேறொரு வாணலியில் சீரகம், வெங்காயம், பூண்டு, தக்காளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, வெந்த பயற்றில் கலந்து, திறந்த நிலையில் மேலும் 10 நிமிடம் கொதிக்க விடவும். ஒரு கரண்டிப் பயற்றை மசித்துச் சேர்த்தால் சாறு இயல்பாகவே கெட்டிப்படும்.

பாதுகாப்பு

18 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மீது, உள்ளிருக்கும் ஆவி சுமார் 250 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. அழுத்தம் தணியுமுன் மூடியை வலிந்து திறப்பதன் ஆபத்து இதனால் விளங்கும். பயற்றின் தோல் ஆவிக்குழாயை அடைக்கக்கூடும். எனவே ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் வற்றினாலோ குழாய் அடைபட்டாலோ பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். அவ்வாறு ஒரு முறை உருகிய வால்வை ஆணியாலோ ஈயத்தாலோ அடைத்துப் பயன்படுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும்; அக்குக்கருக்கென உரிய புதிய வால்வையே பொருத்த வேண்டும். இறுகிப்போன ரப்பர் வளையத்தையும் மாற்றிவிட வேண்டும். வீட்டுக் குக்கர்கள் இந்தியத் தர முத்திரை பெற்றிருத்தல் 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாங்குவோர் அம்முத்திரையைப் பார்த்து வாங்குதல் நலம்.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

1. 100 கிராம் ராஜ்மாவை மாலையில் ஊறவைத்து, மறுநாள் காலையில் நீரை இறுத்து எடை பார்க்கச் செய்க. பருகிய நீரின் அளவை மாணவரே கணக்கிடுவர்.

2. கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்து, தீயை மிகுத்தும் குறைத்தும் காட்டுக. அளவு மாறாதிருத்தலை மாணவர் காண்பர். தங்கள் ஊரின் கொதிநிலையைக் கொண்டு ஊரின் உயரத்தையும் தோராயமாகக் கணிக்கச் செய்யலாம்.

3. ஊறிய பயற்றை இரு பங்காக்கி, ஒன்றை வெறும் நீரிலும் மற்றொன்றைப் புளி கரைத்த நீரிலும் ஒரே நேரம் கொதிக்க வைத்து, விரலால் நசுக்கி ஒப்பிடச் செய்க. சுவைத்துப் பார்க்க அனுமதித்தல் கூடாது.

முடிவுரை

ஊறவைத்தல், ஊறிய நீரை நீக்குதல், புளிப்பைப் பின்னர் சேர்த்தல், போதிய நேரம் அழுத்தத்தில் வேகவைத்தல், அழுத்தம் தானே தணிய விடுதல் ஆகிய ஐந்தும் நினைவில் இருந்தால் போதும். குக்கர் இல்லாத வீடுகளிலும் முதல் மூன்றும் பயன் தரும். அவ்வீடுகளில் பயறு வெந்த பின்னும் குறைந்தது அரைமணி நேரம் விடாது கொதிக்க வேண்டுமென்று அறிவுறுத்துக. உயர்ந்த மலைச் சிற்றூர்களில் குக்கர் இல்லையெனில், குழந்தைகளுக்கு ராஜ்மாவுக்குப் பதிலாக உடைத்த துவரை, மைசூர்ப் பருப்பு போன்ற எளிதில் வேகும் பருப்புகளைப் பரிந்துரைப்பதே தக்கது.