நீலம் அடித்தால் ஈ வராதா?

சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று வாய் திறந்தால் போதும், சொந்தக்காரர் முதல் பெயிண்டர் வரை ஆளுக்கொரு யோசனை. அடிக்கடி காதில் விழும் சில இங்கே.

நம்பிக்கை: நீலச் சமையலறைக்கு ஈ வராது.

இது இன்று நேற்றைய பேச்சல்ல. 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறைதான் இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி. நீலத்தில் ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் அதன் அலமாரிகளுக்கு நீலப்பச்சைப் பூச்சு கொடுத்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈயைப் பிடிக்கக் கட்டும் பொறியே நீலத் துணிதான்! நம் வீட்டு ஈக்கு மூடாத குப்பைக்கூடையின் வாடை போதும். சுவர் எந்த நிறமானாலும் வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. பிராங்க்பர்ட் சமையலறை ஒருவர் நின்று வேலை செய்யும் அளவே இருந்தது. சமைக்கிற பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்று பெண்ணியவாதிகள் பின்னாளில் அதைக் குறை சொன்னார்கள். அழகான நிறம் இருந்தும் குடும்பம் அங்கே கூட வழியில்லை.

நம்பிக்கை: சின்னச் சமையலறை என்றால் வெள்ளைதான்.

வெள்ளை வெளிச்சத்தைக் கூடுதலாகத் திருப்பித் தரும், சரி. ஆனால் பல வீடுகளில் குற்றவாளி டியூப்லைட். அது முதுகுக்குப் பின்னால் எரிய, வெங்காயம் நறுக்கும் பலகையில் நம் நிழலே விழுகிறது. மேல் அலமாரியின் அடியில் எல்இடி பட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, மாம்பழ மஞ்சளோ கிளிப்பச்சையோ துணிந்து அடிக்கலாம். கடை வெளிச்சத்தை நம்பாதீர்கள். சுவரில் ஒரு முழம் அடித்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெள்ளையின் வண்டவாளம் டைல்ஸ் இடுக்கில் தெரியும்: சிமென்ட் கிரவுட் மஞ்சள்தூள் கறையைக் குடித்துவிடும், எபாக்ஸி கிரவுட் அவ்வளவு எளிதில் குடிக்காது.

நம்பிக்கை: சிவப்பு பசியைத் தூண்டும்.

உறுதியான சான்று இல்லை. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கினாலே நமக்குப் பசிக்கிறதே!

நம்பிக்கை: ஆத்தங்குடிக் கல்லை எங்கும் பதிக்கலாம்.

எனக்கும் அந்தக் கல்லின் பூக்கோலம் பிடிக்கும். ஆனால் அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிச் செய்வது. புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் சிமென்ட்டை அரிக்கும், எண்ணெய் ஊறிக் கறையாகும். சாப்பிடும் இடத்துத் தரைக்கு அருமை. அடுப்புக்குப் பின்சுவருக்கு வேண்டாம்.

நம்பிக்கை: சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கினால் குடும்பம் கூடிவிடும்.

முதலில் கூடுவது தாளிப்பு நெடிதான். மிளகாய் வற்றல் எண்ணெயில் விழுந்ததும் ஹாலில் இருப்பவர் இருமிக்கொண்டே டிவி பார்க்க வேண்டும். குடும்பம் கூடச் சுவரை இடிக்கத் தேவையில்லை. அமெரிக்கச் சமையல் நிபுணர் ஜூலியா சைல்டின் வீட்டுச் சமையலறை 2001-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. அலமாரிகளின் நீலப்பச்சை கண்ணைப் பறிக்கும். ஆனால் அறையின் நடுவே இருப்பது சாப்பாட்டு மேசை. உட்கார இடமிருந்தால்தான் ஆள் வந்து உட்காரும். அடுப்பிலிருந்து தள்ளி, மேடையின் ஓரத்தில் இரண்டு ஸ்டூல் போடுங்கள்; ஒன்றில் பாட்டி கீரை ஆய்வார், மற்றதில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவாள். எண்ணெய் தெறிக்காத அந்த மூலைக்கே அடர்ந்த நிறத்தைக் கொடுங்கள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே தள்ளுகிற கண்ணாடிக் கதவு ஒன்று போதும். சிம்னி வாங்கினால் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். காற்றை உள்ளேயே சுழற்றும் வகை வெக்கையையும் ஆவியையும் வெளியேற்றாது.